ஒரு படத்தின் கணக்கு: ஓவியத் தொழில் பற்றி முதன்முதலாக மேடையேறும் ஓவியருக்கு

"சார், எங்க பசங்களுக்கு ஆர்ட்ல எப்படிச் சம்பாதிக்கிறதுன்னு ஒரு மணி நேரம் பேசணும்" என்று கல்லூரியிலிருந்து அழைப்பு வரும். ஓவியர் சரி என்பார். அப்புறம் தன் படங்களில் அறுபதை ஸ்லைடாக அடுக்கி, நடுநடுவே "உழைப்பு, பொறுமை, நம்பிக்கை" என்று நிரப்பி முடித்துவிடுவார். கைதட்டல் கிடைக்கும். வெளியே வரும் மாணவருக்கோ வந்தபோது இருந்த இரண்டு கேள்விகளும் அப்படியே இருக்கும்: ஒரு படத்துக்கு என்ன விலை சொல்வது? அதில் கையில் எவ்வளவு நிற்கும்?

இந்த இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்லும் வழி ஒன்று உண்டு. உங்கள் படங்களில் விற்றுப்போன ஒன்றை எடுத்துக்கொண்டு, கான்வாஸ் வாங்கிய நாளிலிருந்து வங்கியில் பணம் ஏறிய நாள் வரை அதன் கணக்கை மட்டும் சொல்லுங்கள். விலை, கேலரி, ஒப்பந்தம், வரி, பதிப்புரிமை எல்லாம் அந்த ஒரு படத்தைத் தொட்டுக்கொண்டே வந்துவிடும். தனித்தனித் தலைப்பாகப் போட்டால் கூட்டம் தூங்கும்.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்டுவைக்க வேண்டியவை

ஃபோனிலேயே ஐந்து விஷயம் கேளுங்கள். கேட்க வருகிறவர்கள் யார், எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு நேரம், அரங்கில் புரொஜெக்டரும் மைக்கும் உண்டா, பேச்சைப் பதிவு செய்து யூடியூபில் போடுவார்களா. கடைசிக் கேள்வி முக்கியம். மூடிய அறையில் நாற்பது மாணவர்களிடம் சொல்லும் தொகைகளை உலகத்துக்கே சொல்ல உங்களுக்கு விருப்பமில்லாமல் இருக்கலாம். பதிவு உண்டென்றால் வாங்கியவர், கேலரி ஆகியோரின் அடையாளம் வராதபடி கணக்கை முன்பே மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பேச்சின் எடை மாறும். சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர்களுக்குக் கான்வாஸ் விலை தெரியும், கேலரி கமிஷன் தெரியாது. ரோட்டரி சங்கத்துக்காரர்களுக்குக் கமிஷன் என்றால் சட்டென்று புரியும், மூன்றடிப் படத்துக்குப் பன்னிரண்டு நாள் ஏன் ஆகிறது என்பதுதான் புரியாது. பள்ளிப் பெற்றோர் கூட்டமென்றால் பாதி நேரத்தைக் கேள்விகளுக்கே விட்டுவிடலாம்.

ஆறாவதாக ஒன்று உண்டு, கேட்கத்தான் நாக்கு கூசும். பேச்சுக்கான சன்மானம். தொழிலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டவரிடம் தொழில்முறையில் கேட்பதில் தவறே இல்லை. "பயணச் செலவு போகப் பேச்சுக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள், "இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று நீங்களே சேர்க்காதீர்கள். பொன்னாடையையும் நினைவுப் பரிசையும் காட்டிப் பேருந்தில் சீட்டு வாங்க முடியாது. தொகை உண்டென்றால் பான் அட்டை நகலும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் கொண்டுபோங்கள். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் தந்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். வருமான வரி பிடித்துக்கொண்டு தந்தால், பிடித்ததற்கான சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் ஆடிட்டர் உங்களுக்குப் பணத்தைத் திரும்ப வாங்கித் தருவது சிரமம்.

எந்தப் படத்தை எடுப்பது

உங்களுடைய மிகச் சிறந்த படம் வேண்டாம். அதிக விலைக்குப் போனதும் வேண்டாம். நடுத்தர அளவில், நடுத்தர விலையில், கேலரி வழியாக விற்ற ஒன்றை எடுங்கள். நண்பர் வீட்டுக்கு நேரடியாகக் கொடுத்த படத்தில் கமிஷன் வராது, ஒப்பந்தம் வராது, தள்ளுபடிச் சண்டை வராது. கற்றுக்கொடுக்க ஒன்றும் இருக்காது.

பில்களைத் தேடி எடுங்கள். கிடைக்காததற்கு இன்றைய கடை விலையைப் போடுங்கள். எண்கள் முழுதாக இல்லாவிட்டாலும் தலைப்புகள் விடுபடக்கூடாது. பெரும்பாலும் விடுபடுபவை: ஸ்டுடியோ வாடகையில் அந்தப் படத்தின் பங்கு, படத்தைப் புகைப்படம் எடுத்த செலவு, போக்குவரத்து, உங்கள் நாட்கள்.

கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே, உங்களுடையதை அந்த இடத்தில் வையுங்கள். 36 × 24 அங்குலம், கான்வாஸில் அக்ரிலிக், கேலரியில் ஒட்டிய விலை 40,000 ரூபாய், வரி தனி.

கான்வாஸ், வண்ணம், மீடியம், வார்னிஷ், தூரிகைத் தேய்மானம்: 4,000
ஃப்ரேம்: 3,500
பேக்கிங், வண்டி: 1,000
மாத வாடகையும் மின்சாரமும் 9,000; மாதம் இரண்டு படம் என்றால் இதன் பங்கு: 4,500
மொத்தச் செலவு: 13,000

இனி வரவு. கேலரி கமிஷன் 40 சதவீதம். வாங்க வந்தவர் பத்து சதவீதம் குறைக்கச் சொன்னார், கேலரி ஒத்துக்கொண்டது. விற்ற விலை 36,000. தள்ளுபடியைக் கேலரியும் ஓவியரும் பங்கின்படி ஏற்றுக்கொண்டால் ஓவியருக்கு 21,600. முழுத் தள்ளுபடியும் ஓவியர் தலையில் விழுந்தால் 20,000. நல்லபடியாகவே முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். 21,600இல் செலவு 13,000 போக மீதி 8,600. படம் எடுத்துக்கொண்ட நாள் பன்னிரண்டு. ஒரு நாளுக்கு 716 ரூபாய்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். நாற்பதாயிரத்தை எழுநூற்றுச் சொச்சமாகக் கழித்துக் காட்டிய பிறகு அரங்கில் ஃபோன் பார்ப்பவர் குறைவு.

அடுத்ததாக இதைவிடக் கசப்பான கணக்கு. ஐந்து படம் வரைந்து இரண்டு விற்றால்? வரவு 43,200. ஐந்து படத்துக்கும் செலவு 65,000. பள்ளம் 21,800. மீதி மூன்று படமும் கையில் இருக்கின்றன, நாளை விற்கலாம், உண்மைதான். ஆனால் வீட்டுக்காரர் வாடகைக்குப் பதிலாக நிலக்காட்சியை வாங்கிக்கொள்ள மாட்டார். மூன்று ஃப்ரேமின் 10,500 ரூபாயும் இதில் அடக்கம் என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, விற்குமா என்று தெரிவதற்கு முன்பே எல்லாப் படங்களுக்கும் விலையுயர்ந்த ஃப்ரேம் போடுவது. கான்வாஸின் பக்கவாட்டையும் வண்ணத்தால் மூடிவிட்டால் ஃப்ரேம் இல்லாமலே மாட்டலாம்.

இங்கேயே பேச்சை முடித்தால் மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்று சொல்வது உங்கள் கடமை. வகுப்பு எடுப்பது, உருவப்படம், சுவரோவியம், புத்தக அட்டை, பிரிண்ட். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்குச் சென்னையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாடிக் எனப்படும் மெழுகுச் சாயத் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தைக் கொண்டுதான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் அங்கே எழுந்தது. கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டது, ஓவியம் யாருக்கும் பணியாமல் நின்றது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

விலையைப் பலகையில் போட்டுக் காட்டுதல்

"நாற்பதாயிரம் எங்கிருந்து வந்தது?" என்று கட்டாயம் கேட்பார்கள். "மனசுல தோணுச்சு" என்பது பதிலல்ல. இரண்டு முறைகளைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

முதலாவது, சதுர அங்குல முறை. 36 × 24 = 864. நாற்பதாயிரத்தை அதனால் வகுத்தால் சதுர அங்குலத்துக்கு 46 ரூபாய் சொச்சம். இதே விகிதத்தில் 12 × 12 படம் சுமார் 6,700 ரூபாய், 60 × 48 படம் சுமார் 1,33,000 ரூபாய் வரும். இரண்டாவது, நீளத்தையும் அகலத்தையும் கூட்டும் முறை. 36 + 24 = 60, அங்குலத்துக்கு 667 ரூபாய். இதன்படி சின்னப் படம் 16,000, பெரிய படம் 72,000.

ஒரே ஓவியர், ஒரே விகிதம், ஆனால் இரண்டு உலகம். சதுர முறையில் சின்னப் படம் அடிமாட்டு விலைக்குப் போகும், பெரிய படம் எட்டாத உயரத்தில் நிற்கும். கூட்டல் முறையில் தலைகீழ். அனுபவம் உள்ளவர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள். இந்த எடுத்துக்காட்டில் சின்னதுக்குப் பத்தாயிரம், பெரியதுக்குத் தொண்ணூற்றைந்தாயிரம் என்று வைப்பது நியாயம். எந்த முறை என்பதைவிட முக்கியமானது, ஒரே அளவுக்கு ஒரே விலை என்ற ஒழுங்கு. பிடித்த படத்துக்குக் கூட்டியும் பிடிக்காததற்குக் குறைத்தும் வைத்தால், வாங்க வந்தவர் குறைந்த விலைப் படத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பார்.

விலையைத் தொடங்கும்போதே உயரத்தில் வைக்காதீர்கள் என்றும் சொல்லுங்கள். ஏற்றுவது எளிது. இறக்கினால் முன்பு வாங்கியவர் அத்தனை பேரும் ஏமாந்தவர் ஆவார்கள். வீட்டில் ஒரு விலை, கேலரியில் ஒரு விலை என்பதும் கூடாது. கேலரியில் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்து பாதி விலைக்கு வாங்கிப்போகிறார்கள் என்று தெரிந்த மறுநாள் கேலரி கதவை மூடிவிடும். அதன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வாடகை, விளக்கு, அழைப்பிதழ், வாங்குபவர் பட்டியல் எல்லாம் அவர்களுடையது. கமிஷனை மேடையில் கொள்ளை என்று திட்டுவது கைதட்டல் வாங்கும், உண்மையாகாது. விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கேட்பது வழக்கம். எதைச் செய்து அதை வாங்குகிறார்கள் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. கமிஷன் வேண்டாம் என்பவருக்கு வாடகைக்கு அரங்கு எடுக்கும் வழியும் உண்டு. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அப்படி எடுத்துக் கண்காட்சி வைக்கிறார்கள். அங்கே விற்பனையாளர், கணக்காளர், காவலர் எல்லாம் நீங்களேதான்.

ஒப்படைப்புச் சீட்டு

கேலரிக்குப் படத்தைக் கொடுக்கும்போது எழுதிக்கொள்ளும் தாள் இது. பேச்சில் இதற்கு ஒரு ஸ்லைடு முழுதாக ஒதுக்குங்கள், ஒரு நகலைக் கையிலும் கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, அளவு, ஊடகம் (கான்வாஸில் அக்ரிலிக் என்பது போல), ஆண்டு, விலை. கீழே கமிஷன் எத்தனை சதவீதம், கேட்காமல் எவ்வளவு வரை தள்ளுபடி தரலாம், அதை யார் ஏற்பது, விற்ற எத்தனை நாளில் பணம், படம் சேதமானால் யார் பொறுப்பு, விற்காவிட்டால் எந்தத் தேதியில் திரும்ப வரும், திரும்பும் வண்டிக்கூலி யாருடையது. இரண்டு பிரதி, இரண்டிலும் இரண்டு கையெழுத்து.

இதில் எதை விட்டாலும் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பணம் தரும் நாளை எழுதாவிட்டால் மூன்று மாதம் "வாங்கினவர் இன்னும் தரலை" என்ற பதில் கிடைக்கும். திரும்பும் தேதி இல்லாவிட்டால் படம் கேலரியின் பின்னறையில் வருஷக்கணக்கில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். வண்டிக்கூலி எழுதாவிட்டால், விற்காத படத்துக்கு இரண்டு முறை தண்டம் கட்டுவது ஓவியர்தான்.

சட்டம்: நான்கு விஷயம் போதும்

மேடையில் சட்டப் புத்தகம் வாசிக்க வேண்டாம். ஓவியருக்குப் பணத்தைத் தொடுகிற இடங்கள் நான்கு.

படத்தை விற்றால் பதிப்புரிமையும் சேர்ந்து போய்விடுவதில்லை. வாங்கியவர் சுவரில் மாட்டலாம். காலண்டராகவோ சேலையிலோ அச்சிட உங்கள் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை ஓவியரின் வாழ்நாளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் நீடிக்கும். பதிவு செய்தால்தான் உரிமை என்று நினைப்பவர்கள் நிறைய. வரைந்த உடனே உரிமை வந்துவிடுகிறது.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, அரங்கில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வரையவைத்தவர்தான். கல்யாணத்துக்கு ஜோடிப்படம் வரைந்து கொடுக்கும் மாணவர்கள் அட்வான்ஸ் வாங்கும்போதே "பதிப்புரிமை ஓவியருடையது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், தாளில் இருக்கட்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டு என்று குறிக்காவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியா மட்டும்.

மூன்றாவது, படத்தைச் சிதைத்தால் கேட்கும் உரிமை. இதற்குச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்கைச் சொல்லுங்கள். டெல்லியில் அரசின் மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனில் அவர் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அவருக்குச் சொல்லாமலே பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள், சேதமானது. டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல், மிஞ்சியதை அவரிடம் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. சிற்பத்தின் சொந்தக்காரர் அரசாங்கமாகவே இருந்தும் அதைச் சிதைக்கும் உரிமை அதற்கு இல்லை என்றாயிற்று. சுவரோவியம் செய்கிறவர்களுக்கு இந்த வழக்கு தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது மறுவிற்பனை. கேள்வி நேரத்தில் யாராவது ஓவியர் ஹுசைனை இழுப்பார்கள். எம்.எஃப். ஹுசைனின் 1954ஆம் ஆண்டு ஓவியம், 'கிராம யாத்திரை' என்று அறியப்படுவது, 2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 1.37 கோடி டாலருக்கு, ஏறக்குறைய 118 கோடி ரூபாய்க்குப் போனது. ஹுசைன் 2011இலேயே காலமாகிவிட்டார். விற்றது நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கிருந்த மருத்துவர் ஒருவர் 1954இல் வாங்கிப்போன படம். அந்த 118 கோடிக்கும் ஓவியரின் பிழைப்புக்கும் தொடர்பில்லை என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. இந்தியச் சட்டத்தில் மறுவிற்பனைப் பங்கு என்ற பிரிவு இருக்கிறது: பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுபடி விற்றால் பத்து சதவீதத்துக்கு மிகாமல் ஓவியரோ வாரிசோ கேட்கலாம். தாளில் நன்றாக இருக்கிறது. யார் யாருக்கு எப்போது விற்றார்கள் என்று ஓவியருக்குத் தெரிய வழி இருந்தால்தானே கேட்பது? அதனால் வாங்கியவர் பெயர், தேதி, விலையை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். கேலரி வாங்கியவர் பெயரைச் சொல்லாது. பில் எண்ணையாவது குறித்துக்கொள்ளலாம்.

வரிக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கையால் வரைந்த ஓவியத்துக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதமானது. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், அதனால் புதியவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. சிக்கல் வருவது பெங்களூருக்கு ஒரு படம் அனுப்பும்போது. மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் சிறு தொகைக்கும் பதிவு கேட்பது பொது விதி. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்குச் சலுகை உண்டு. உங்கள் படம் அந்தப் பட்டியலில் அடங்குமா என்று ஆடிட்டரைக் கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். மேடையில் நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

நேரம், ஸ்லைடு, மைக்

45 நிமிடம் கொடுத்தால் 28 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். வரவேற்பும் அறிமுகமும் குத்துவிளக்கும் பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்தால் 2,800 சொல். முழுதாக எழுதிப் பாருங்கள், ஆனால் எழுதியதை வாசிக்காதீர்கள். மேடையில் ஒரு துண்டுத் தாளில் எண்கள் மட்டும் இருக்கட்டும். ஒத்திகையை ஃபோனில் பதிவு செய்து கேட்டால் எந்த இடம் இழுக்கிறது என்று காதுக்கே தெரியும். நேரம் போதாவிட்டால் எதை விடுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். வரியை விடலாம், சட்டத்தில் நாலாவதை விடலாம். படத்தின் கணக்கையும் ஒப்படைப்புச் சீட்டையும் விடக்கூடாது.

ஸ்லைடு எட்டுக்கு மேல் வேண்டாம். எழுத்து 32 புள்ளிக்குக் குறையக்கூடாது. தமிழ் எழுத்துருவில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வது: வீட்டில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அரங்கின் கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அரங்குகளில் புரொஜெக்டர் விஜிஏ கம்பியில்தான் இருக்கும். உங்கள் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ மட்டும் என்றால் மாற்று இணைப்பைக் கையோடு கொண்டுபோங்கள். மின்சாரம் போனாலும் பேச முடிய வேண்டும். அதற்குத்தான் கணக்கை ஏ4 தாளில் அச்சடித்துத் தருவதும், பலகையும் சாக்பீஸும் கேட்டுவைப்பதும்.

புரொஜெக்டரில் உங்கள் சிவப்பு செங்கல்லாகவும் நீலம் சாம்பலாகவும் தெரியும். ஆகவே பேசுகிற படத்தையோ, அது விற்றுப்போயிருந்தால் அதே அளவில் இன்னொன்றையோ நேரில் கொண்டுபோய் மேடையில் நிறுத்துங்கள். கொண்டுபோகும்போது அக்ரிலிக் படத்தின் மேல் நேராகப் பபுள் ரேப் சுற்றாதீர்கள். நம் வெயிலில் அக்ரிலிக் இளகும், குமிழ்கள் ஒட்டி வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும், அழியாது. முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் பபுள் ரேப், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க, மூலைகளுக்கு அட்டை. காரிலும் ஆட்டோவிலும் படுக்கவைக்காமல் நிறுத்திக் கொண்டுபோங்கள். படுத்த கான்வாஸின் மேல் யாரோ ஒருவர் கட்டாயம் பையை வைப்பார்.

மைக் தாடையிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும். படத்தைக் காட்டத் திரும்பும்போது மைக்கும் கூடத் திரும்ப வேண்டும். எண்களை மெதுவாக, இரண்டு முறை சொல்லுங்கள்.

சொல்லக் கூடாதவை

வாங்கியவர் பெயர் வேண்டாம். இன்னொரு ஓவியரின் விலையை உங்கள் விலையோடு ஒப்பிட வேண்டாம். பணம் தராமல் இழுத்த கேலரியின் பெயர் நாக்கு நுனிக்கு வரும், விழுங்கிவிடுங்கள். என்ன நடந்தது, எந்த வரி எழுதாததால் நடந்தது என்பது மட்டுமே மாணவருக்கு உதவும். "கலைஞனுக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை" என்ற புலம்பலையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். அது அரங்குக்குப் பழகிப்போன பாட்டு.

கேள்வி நேரம்

முதல் கேள்விக்குக் கை உயராது. அமைப்பாளரிடம் சொல்லி ஒரு கேள்வியைத் தயாராக வைக்கலாம், அல்லது துண்டுத் தாள் கொடுத்து எழுதி வாங்கலாம். பணம் பற்றிய கேள்விகள் தாளில்தான் தைரியமாக வரும்.

"மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்டால் மாதத்தில் சொல்லாதீர்கள். ஓவியத்தில் வருமானம் மாதக்கணக்கில் வருவதில்லை; நான்கு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்து ஒரே வாரத்தில் இரண்டு படம் போகும். ஆண்டுக் கணக்கைச் சொல்லுங்கள், அதில் வகுப்பு எவ்வளவு, படம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லாவிட்டால் விகிதத்தை மட்டும் சொன்னாலும் போதும்.

"என் பொண்ணை ஆர்ட் காலேஜ்ல சேர்க்கலாமாங்க?" என்று ஓர் அப்பா எழுந்து கேட்பார். ஆம், இல்லை இரண்டும் உங்கள் வாயில் வரக்கூடாது. முதல் சில வருஷம் வாடகையும் சாப்பாடும் எங்கிருந்து வரும் என்று குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லி, கையிலிருக்கும் தாளையே அவரிடம் கொடுங்கள்.

"ஏ.ஐ. வந்துடுச்சே சார்?" என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அட்டைப்படம், போஸ்டர் போன்ற அச்சு வேலைகளில் கூலிக்கு நெருக்கடி உண்டு, மறைக்க வேண்டாம். கேலரியில் வாங்குபவர் வாங்குவது இன்னார் கையால் வரைந்த ஒற்றைப் பொருளை, அந்தக் கணக்கு வேறு. இன்ஸ்டாகிராம் பற்றிக் கேட்டால், படத்தோடு அளவையும் ஊடகத்தையும் விற்றுவிட்டதா இல்லையா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பலர் அழகாகப் போட்டுவிட்டு விற்பனைக்கு என்று சொல்லவே மறந்துவிடுகிறார்கள்.

பிரிண்ட் போடலாமா என்ற கேள்வி வந்தால் ஒரே எச்சரிக்கை. 25 பிரதி என்று அறிவித்தால் 25தான். ஒவ்வொன்றின் கீழும் 1/25, 2/25 என்று வரிசை எண்ணைப் பென்சிலில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, நன்றாக விற்கிறதே என்று 26ஆவது பிரதி போட்டால், முதல் 25 பேரையும் ஏமாற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

கூட்டம் கலையும்போது ஒருவர் ஓரமாக வந்து, மேடையில் நிற்கும் படத்தைக் காட்டி "இது என்ன விலைங்க, எனக்குன்னா எவ்வளவுக்குத் தருவீங்க?" என்பார். அச்சடித்த விலைப்பட்டியலை நீட்டுங்கள். குறைக்காதீர்கள், அரைமணி முன்புதான் ஒரே விலை என்று பேசியிருக்கிறீர்கள். முகவரி அட்டை கொடுத்து, இரண்டு நாள் அவருக்காக வைத்திருப்பதாகச் சொல்லலாம். அட்வான்ஸ் வாங்காமல் "உங்களுக்குத்தான்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பதில் தெரியாமல் நின்ற கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குத் தாளின் மூலையில் தேதி போடுங்கள். அடுத்த அழைப்பு வரும்போது கான்வாஸும் வாடகையும் ஏறியிருக்கும், கமிஷனும் மாறியிருக்கலாம். பழைய தாளை அப்படியே நகலெடுத்துக் கொண்டுபோனால் முதல் வரிசையில் இருக்கும் மாணவர் ஒருவர் கடை பில்லை எடுத்து நீட்டிவிடுவார்.